பிழைத்த கேலஸ் எல்லாம் தாங்குதிறன் பெற்றதல்ல

வேலூர், காட்பாடி பக்கம் பயோடெக் படிக்கும் பிள்ளைகளுக்கு, களைக்கொல்லி தாங்கும் நெல் கேலஸை (தட்டில் வளர்க்கும், வேர், இலை என்று இன்னும் பிரியாத செல் கட்டி) உருவாக்குவது நல்ல ப்ராஜெக்ட். ஆர்க்காடு, குடியாத்தம் வயல்களில் களையெடுக்க ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் களைக்கொல்லி மருந்து கலந்த தட்டில் பிழைத்து நிற்கும் கட்டியைப் படமெடுத்து "தாங்குதிறன் வந்துவிட்டது" என்று எழுதுவதை ஏற்கவே முடியாது.

முதலில் மருந்தைப் பாருங்கள். உரக்கடை பாட்டிலைக் கேலஸ் வளரும் சத்து ஊடகத்தில் ஊற்றாதீர்கள். இலையில் பரவுவதற்காக அதில் சேர்த்திருக்கும் சோப்பு மாதிரிப் பொருளே செல்லைக் கொல்லும். கலப்பில்லாத மூல மருந்தைக் கரைத்து 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்குவது) முடிந்து 50 டிகிரிக்கு ஆறிய எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகத்தில் சேருங்கள். சல்ஃபோனைல்யூரியா வகைக் களைக்கொல்லியை ஆட்டோகிளேவிலேயே போட்டால் மருந்து சிதைந்துவிடும். அப்புறம் எல்லாக் கட்டியும் பிழைக்கத்தான் செய்யும்!

நெல் கேலஸுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி (வளர்ச்சி ஊக்கி), 30 கிராம் சர்க்கரை, பி.எச். 5.8. பலர் கேசின் ஹைட்ரோலைசேட்டும் (பால் புரதத்தை உடைத்துக் கிடைக்கும் அமினோ அமிலக் கலவை) சேர்ப்பார்கள். சல்ஃபோனைல்யூரியா போல, ஏ.எல்.எஸ். என்ற நொதியைத் தடுக்கும் மருந்தென்றால் அது வேண்டாம். வேலின், லியூசின், ஐசோலியூசின் என்ற அமினோ அமிலங்களைத் தயாரிக்க விடாமல் செல்லைப் பட்டினி போடுவதுதான் அந்த மருந்தின் வேலை. அவற்றை நாமே ஊட்டினால் செல் எப்படிச் சாகும்? அட்ரசின் என்ற களைக்கொல்லியோ ஒளிச்சேர்க்கையைத் தடுப்பது. சர்க்கரையில் வளரும் வெளிர்மஞ்சள் கேலஸில் அதைச் சோதிப்பதே வீண்.

கட்டி பெரிதாக இருந்தாலும் ஏமாறுவோம். ஊடகத்தைத் தொடும் அடிப்பக்கம் பழுப்பேறிச் செத்திருக்கும். மருந்து சரியாக எட்டாத உச்சி மட்டும் வெள்ளையாக நிற்கும்.

உண்மையான தாங்குதிறன் மரபணுவில் இருக்கும். 1984-இல் சலெஃப், ரே என்ற இரு ஆய்வாளர்கள், குளோர்சல்ஃபியூரான் என்ற சல்ஃபோனைல்யூரியா களைக்கொல்லியைத் தாங்கிய புகையிலைச் செல்களைச் செடியாக்கி, அந்தக் குணம் விதை வழியாக இறங்குவதையும் காட்டினார்கள். மாறியிருந்தது ஏ.எல்.எஸ். நொதி. பெட்டூனியா பூச்செடியின் செல்களில் நடந்தது வேறு. கிளைஃபோசேட் களைக்கொல்லியைப் படிப்படியாகக் கூட்டியபோது, அது தாக்கும் நொதிக்கான மரபணுவே சுமார் 20 மடங்கு பெருகியது.

அதனால் பிழைத்த கட்டியை மருந்தில்லா ஊடகத்தில் 4 வாரத்துக்கு ஒருமுறை மாற்றி, 3 சுற்று வளர்த்து, மறுபடி மருந்தில் வையுங்கள். தற்காலிகப் பழக்கமாக இருந்தால் பெரும்பாலும் இங்கேயே சாயம் வெளுத்துவிடும். தாங்கினால் உடனே செடியாக்குங்கள். கேலஸ் பழசானால் தளிர்விடும் திறன் குறைந்துகொண்டே போகும். விதைத் தலைமுறையையும் சோதித்த பிறகு எழுதுங்கள்.

மருந்தில்லாத கன்ட்ரோல் தட்டு எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும். மே மாத வேலூர் வெயிலில் கரன்ட் போனால் கல்சர் ரூம் 25 டிகிரியில் நிற்காது. அந்த வாரம் கருகிய கட்டியை மருந்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.