சோலிங்கன் முத்திரை மட்டும் போதாது

"அலகில் சோலிங்கன் என்று பொறித்திருந்தால் அது முதல் உலகப்போர்க் காலத்து அசல் வாள்தான்" என்று சிலர் சொல்வது தவறு. சோலிங்கன் ஜெர்மனியில் உள்ள ஒரு ஊர். பல நூற்றாண்டுகளாக அங்கே வாள் அடிக்கிறார்கள், இன்றைக்கும் அடிக்கிறார்கள். போன வருடம் செய்த அணிவகுப்பு வாளிலும் அந்தப் பெயர் இருக்கும்.

காலத்தைப் பார்க்க, அலகின் முதுகில் பிடிக்கு அருகே தேடுங்கள். பிரஷ்ய (அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய அரசு) ராணுவம் சிப்பாய்களுக்குக் கொடுத்த வாள்களில் பொதுவாக அங்கே ஒரு கிரீடம், மன்னர் பெயரின் முதலெழுத்து, இரண்டு இலக்க ஆண்டு இருக்கும். மன்னர் வில்ஹெல்மைக் குறிக்கும் W எழுத்தோடு 15 என்றிருந்தால் 1915. (88 என்றால் கொஞ்சம் தலைவலி: 1888இல் மட்டும் மூன்று பேர் அரியணையில் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் வில்ஹெல்ம்!)

அப்புறம், இந்த முத்திரை இல்லை என்பதற்காகவே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிய வாள்களில் பெரும்பாலும் அது இருக்காது. அவற்றில் தயாரிப்பாளர் சின்னம்தான் துணை. அரசர் தலையும் வீரர் தலைக்கவசமும் ஜோடியாக இருந்தால், வெயர்ஸ்பெர்க், கிர்ஷ்பாம் நிறுவனங்கள் 1883இல் இணைந்த பிறகு செய்தது. ஆனால் அது ஆரம்ப எல்லை மட்டும்தான், அதாவது 1883க்கு முந்தையது அல்ல என்று மட்டுமே சொல்லும்; அந்த நிறுவனம் அதன் பிறகும் நெடுங்காலம் வாள் செய்தது.