பிளீச்சிங் தூள் வேண்டவே வேண்டாம்

லண்டனின் ஆப்னி பார்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள மியூசிக் ஹால் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த பழைய மேடை நிகழ்ச்சி) கலைஞர்களின் கல்லறைகளைப் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் கல்லறைக் கற்களைச் சுத்தம் செய்ய "பிளீச்சிங் தூளும் கம்பி பிரஷும் போதும்" என்று அதில் வந்த யோசனையைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். நிலக்கரிப் புகை கலந்த அமில மழையில் நூறாண்டு நனைந்த வெள்ளைப் பளிங்கின் மேல்பரப்பு சர்க்கரை போலப் பொலபொலத்திருக்கும். கம்பி பட்டால் எழுத்தோடு உதிரும். பிளீச்சின் உப்பு உள்ளே இறங்கிப் படிகமாகிக் கல்லைப் பிளக்கும். சுத்தத் தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், கீழிருந்து மேலாகத் தேய்ப்பது, அவ்வளவுதான்.

கல்லில் பதித்த ஈய எழுத்து விழுந்திருந்தாலும் அதைப் பிடித்திருந்த சின்னத் துளைகள் கல்லில் மிஞ்சும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பெயரைப் படித்துவிடலாம்.

சாய்ந்த கல்லை நிமிர்த்தும்போது அதை அடிக்கல்லோடு இணைக்கும் பழைய இரும்பு முளைகளைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். துரு உப்பிக் கல்லை உடைப்பது அதுதான். அதற்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு முளை வையுங்கள்; சாந்துக்கு 1 பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல். சிமென்ட் கூடாது, ஈரத்தைக் கல்லுக்குள்ளேயே அடைத்துவிடும்.

இந்த வேலைகளைத் தொடங்கும் முன், கல்லறை உரிமைப் பத்திரம் யாரிடம் என்று பாருங்கள். கல்லறைப் பதிவேட்டில் மேடைப் பெயர் மட்டும் தேடினால் போதாது: வேறு கல்லறைத் தோட்டங்களில் இருக்கும் மியூசிக் ஹால் நட்சத்திரங்களையே எடுத்துக்கொண்டால், டான் லீனோவின் இயற்பெயர் ஜார்ஜ் வைல்ட் கால்வின், மேரி லாயிடுடையது மடில்டா உட்.