தூலே மரம் ஒற்றை மரம்தான்

“பல மரங்கள் ஒட்டி வளர்ந்த அதிசயம், உலகிலேயே உயரமான மரம்” என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தப்பு.

அது மெக்சிகோவில் ஓஹாக்கா பள்ளத்தாக்கின் சாந்தா மரியா தெல் தூலே ஊர்த் தேவாலய வளாகத்தில் நிற்கும் மோண்டசூமா சைப்ரஸ். அங்கே அதற்கு அவேவேத்தே என்று பெயர். நாட்டின் தேசிய மரமும் இதுதான். அடிமரத்தைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயமே: மடிப்பு மடிப்பாகப் புடைத்து, தனித்தனி மரங்களைக் கயிறு போட்டுக் கட்டியதுபோல இருக்கும். ஆனால் மரபணுச் சோதனையில் எல்லாம் ஒரே மரம் என்று தெரிந்தது.

உயரமா? சுமார் 35 மீட்டர்தான். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரம் ஒன்று 115 மீட்டரைத் தாண்டுகிறது. தூலே மரத்தின் பெருமை பருமனில்: குறுக்களவு சுமார் 14 மீட்டர்.