வெனீர் போட்டா பல்லு சொத்தையே ஆகாதா?

"வெனீர் ஒருதடவ ஒட்டிட்டா ஆயுசுக்கும் இருக்கும், சொத்தையே வராது, பிடிக்கலன்னா கழட்டிக்கலாம்"னு ஒரு வீடியோ சுத்திட்டு இருக்கு, அதுல சொல்ற மூணுமே தப்புங்க.

வெனீர்ங்கிறது பல்லோட முன்பக்கம் மட்டும் ஒட்டுற மெல்லிசான போர்சலின் (பீங்கான்) இல்லன்னா காம்போசிட் (பல்லு நிறப் பிசின்) தகடு, பின்பக்கம் உங்க சொந்தப் பல்லுதான், அதனால ஓரத்துல அழுக்கு சேர்ந்தா உள்ள சொத்தை தாராளமா வரும். போர்சலின் பொதுவா 10-15 வருஷம் தாங்கும், காம்போசிட் அதவிடக் கம்மி, அப்புறம் மாத்தித்தான் ஆகணும்.

கழட்டுற விஷயம்தான் எனக்கு ரொம்பக் கவலை. ஒட்டறதுக்கு முன்னாடி பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமல, அதாவது பல்லோட கெட்டியான மேல்படலத்த, சீவுவாங்க, எனாமல் திரும்ப வளரவே வளராது, சீவுனது சீவுனதுதான், அப்புறம் அந்தப் பல்லுக்கு எப்பவும் ஏதாச்சும் ஒரு மூடி வேணும். சீவாம ஒட்டற வகையும் இருக்கு, ஆனா எல்லாப் பல்லுக்கும் அது ஒத்துவராது.

இன்னொண்ணு, பல்ல சுத்தியும் ராவி குச்சி மாதிரி ஆக்குறது வெனீருக்கு இல்ல, அது கிரவுனுக்கு, அதாவது பல்ல முழுசா மூடுற தொப்பிக்கு. வெனீர்னு சொல்லி அதச் செய்றாங்களான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, ஈறு வீக்கமோ சொத்தையோ இருந்தா அத சரிபண்ணிட்டுத்தான் இதுக்கே போகணும்.