வெண்டைக்காய் நறுக்கத்தான் கேட்டார்

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு டீக்கடையில், படத்தைத் திருத்த எளிய மென்பொருள் கேட்ட ஒரு பெரியவரை நம் போட்டோ குழு சிரித்து அனுப்பிய விஷயத்தைப் பற்றி மூன்று பேர் பதிவு போட்டுவிட்டீர்கள். மூன்றிலும் "நாங்கள் நல்லதுக்குத்தான் சொன்னோம்" என்று ஒரு வரி இருக்கிறது. நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

முழுக்கதையையும் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெரியவர் கேட்டதை மட்டும் அப்படியே போடுகிறேன்: "தம்பி, படமெல்லாம் கொஞ்சம் இருட்டா, சாஞ்சு வருது. சரி பண்ண லேசான சாஃப்ட்வேர் எது?" கையில் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். வீட்டில் மகன் விட்டுப்போன லேப்டாப், 4 ஜிபி ராம். இதையும் அவரேதான் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

பதில்கள் பொழிந்தன. லைட்ரூம் வாங்குங்க. போட்டோஷாப் இல்லாம ஒண்ணும் ஆகாது. முதல்ல மானிட்டரை கேலிபரேட் பண்ணுங்க. ராம் 16 போடுங்க. லேயர் தெரியுமா, மாஸ்க் தெரியுமா? கடைசியாக அந்த மகா வாக்கியம்: "எடிட் பண்ணத் தெரியாம எதுக்கு சார் டிஎஸ்எல்ஆர்?" எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு லென்ஸ் மூடியைப் போடப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை முயன்றும் சரியாக உட்காரவில்லை. மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெண்டைக்காய் நறுக்க அரிவாள்மனை கேட்ட ஆளைக் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய், "இந்த அண்டாவைத் தூக்கத் தெரியாம எதுக்குங்க சமையல்?" என்று கேட்பதைப் போன்றது இது. அவர் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள் என்று பதில் சொன்னீர்கள். இரண்டும் வேறு வேறு.

அதுவும் சரியான பதிலா? இன்றைய போட்டோஷாப்புக்கும் லைட்ரூம் கிளாசிக்குக்கும் குறைந்தபட்சம் 8 ஜிபி ராம் வேண்டும் என்று அவற்றைச் செய்யும் அடோபி நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அவரிடம் இருப்பது 4. உங்கள் பேச்சைக் கேட்டு மாதச் சந்தா கட்டியிருந்தால் அந்த லேப்டாப் மூச்சுத் திணறிப் படுத்திருக்கும், அவரும் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருப்பார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட 4 என்ற எண் காதில் விழவில்லை.

அவர் கிளம்புவதற்கு முன் ஒரு படத்தை கேமரா திரையில் எனக்குக் காட்டினார். கரைக்கு வரும் படகு, வலையை இழுக்கும் இரண்டு பேர், பின்னால் வெளுத்த வானம். கடல் வலப்பக்கமாக வழிந்துவிடும் போலச் சாய்ந்திருந்தது. வானத்து வெளிச்சத்தில் ஆட்களின் முகம் கறுத்துவிட்டது. இதற்கு என்ன வேண்டும்? அடிவானத்தை இரண்டு டிகிரி நிமிர்த்த வேண்டும். நிழலைக் கொஞ்சம் தூக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, இடப்பக்கம் எட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் டிரம்மை கிராப் செய்து தள்ள வேண்டும். நாலே வேலை. லேயரும் வேண்டாம், மாஸ்க்கும் வேண்டாம்.

இந்த நாலு வேலைக்கும் அவர் பையில் இருக்கும் போனே போதும். 1500டி-யில் வைஃபை இருக்கிறது, படத்தைப் போனுக்கு அனுப்பலாம். போனில் ஸ்னாப்சீட் என்ற ஆப். 2011-இல் வந்தது, அதைச் செய்த நிக் நிறுவனத்தை அடுத்த ஆண்டே கூகுள் வாங்கி இலவசமாக்கியது, அதற்குப் பிறகு காசு கேட்டதில்லை. விரலைத் திரையில் இழுத்தாலே கூடும் குறையும். எழுபது வயதுக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். லேப்டாப்பில்தான் செய்வேன் என்றால் கேனானே தன் கேமராக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கும் டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல் இருக்கிறது, அந்த 4 ஜிபியில் ஓடுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே பத்துப் பன்னிரண்டு ஸ்லைடர்தான் தினம் தேவைப்படும். நிக்கான்காரர்களுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ இதே மாதிரி. அட, கேமரா வழக்கமாகத் தரும் ஜேபெக் படத்தை நிமிர்த்தவும் வெட்டவும் விண்டோஸோடு வரும் போட்டோஸே போதுமே!

ரா ஃபைல், அதாவது கேமரா பதிவுசெய்ததை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைல் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசினார். தப்பில்லை, விஷயம் உண்மைதான். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், அந்தக் கேமராவின் 14 பிட் ராவில் 16,384. வெளுத்த வானத்தில் மிச்சம் மீதி இருந்தால் ராவில்தான் அதை மீட்க வாய்ப்பு அதிகம். ஆனால் அது அடுத்த மாதத்துப் பாடம். கோணல் படத்தை நிமிர்த்திப் பார்த்த சந்தோஷம் முதலில் வரட்டும்.

"லைட்ரூமும் எளிதுதான், தப்பான இடத்தில் ஆரம்பித்தால் பிறகு மறக்க வேண்டி வரும்" என்கிறார் ஒருவர். நானும் லைட்ரூம் கிளாசிக்தான் வைத்திருக்கிறேன், நல்ல மென்பொருள், மறுக்கவில்லை. ஆனால் அது படத்தைத் திறப்பதில்லை, எந்தப் படம் எந்த ஃபோல்டரில் என்று குறித்து வைக்கும் கேட்டலாக்கில் சேர்த்துக்கொள்கிறது. புதியவர் ஒருநாள் இடம் போதவில்லை என்று ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றுவார். அடுத்த நாள் லைட்ரூமில் எல்லாப் படத்திலும் கேள்விக்குறியோ ஆச்சரியக்குறியோ நிற்கும். படம் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அவருக்கு நெஞ்சு நின்றுவிடும். இதை யார் அவரிடம் சொன்னீர்கள்?

"இலவசம் வேண்டும் என்றால் கிம்ப் இருக்கிறதே." இருக்கிறது. 1996-லிருந்து இருக்கும் இலவச எடிட்டிங் மென்பொருள், மரியாதைக்குரிய உழைப்பு. ரா ஃபைலைக் கொடுத்தால் டார்க்டேபிள், ரா தெரபி மாதிரி இன்னொரு மென்பொருளைத் துணைக்குக் கூப்பிடும். சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்று ஒரு ஃபைல் வரும், அதை மருமகளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால் "என்ன மாமா, திறக்கவே மாட்டேங்குது" என்பாள். எக்ஸ்போர்ட் என்று தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு?

"இப்போதுதான் ஏஐ எல்லாம் செய்கிறதே." சரி, செய்யட்டும்.

அப்புறம் அந்த இன்னொரு கோஷ்டி. "எடிட்டிங்கே ஏமாற்றுத்தான், கேமரா தந்ததே உண்மை." இவர்களுக்காகவே ஒன்று சொல்ல வேண்டும். என் பெரியப்பா கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊட்டியில் செய்த 'இந்து' ஃபிலிம் பெட்டிகள் அலமாரியில் அடுக்கியிருக்கும். டார்க் ரூமில் சிவப்பு பல்ப், ஹைப்போ வாசனை. நான் பள்ளி விடுமுறையில் போனால் ட்ரேயை ஆட்டும் வேலை எனக்கு. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் கீழே காகிதம் இருக்கும். பெரியப்பா ஒரு கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை மாப்பிள்ளை முகத்துக்கு நேரே பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். அந்த இடத்தில் வெளிச்சம் குறைவாக விழும், முகம் கறுக்காது. நெகட்டிவில் ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி வைத்து அம்மைத் தழும்பை மறைப்பார், அதற்கு 'டச்சிங்' என்று பெயர். கும்பகோணத்தில் பாதிப் பேர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது பெரியப்பா எடிட் செய்த முகம்தான். அந்தச் சுவர்களையெல்லாம் போய் ஏமாற்று என்று சொல்லிவிட்டு வாருங்கள், பார்க்கலாம்.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்று தங்கை போனில் கேட்டாள். சொல்கிறேன்.

2011-இல் நான் கூகுளின் இலவசப் பட மென்பொருளான பிகாசா வைத்திருந்தேன். அதை விரும்பாதவர்கள் யார்? கூகுள் 2016-இல் மூடியபோது எத்தனை பேர் இதே முகநூலில் புலம்பினீர்கள். வெளிச்சம் கூட்டுவேன், நிமிர்த்துவேன், அவ்வளவுதான். ஒருநாள் அப்பா திண்ணையில் பேப்பர் படிப்பதைச் சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்தேன். கண்ணாடி மூக்கு நுனியில், காலடியில் காபி டம்ளர். நன்றாக வந்திருந்தது. அலுவலகத்தில் காட்டியபோது படம் எடுக்கும் பழக்கமுள்ள ஒருவர் சிரித்தார். "பிகாசாவா? அது ஆல்பம் பார்க்கற சாமான்யா. போட்டோகிராபர்னு வேற சொல்லிக்கிற." மறுநாள் ஒரு சிடி கொடுத்தார். பெரிய மென்பொருள், கிராக் செய்தது.

எனக்கும் ரோஷம். அன்று ராத்திரியே அப்பாவின் படத்தை அதில் திறந்தேன். முகத்தை வழுவழுப்பாக்கினேன், நிறத்தை ஏற்றினேன், மெயிலில் அனுப்ப வேண்டும் என்று 800 பிக்சலாகச் சுருக்கினேன். கன்ட்ரோல் எஸ். மூடிவிட்டுத் தூங்கிப்போனேன். பிகாசாவாக இருந்தால் சேவ் கொடுத்தாலும் ஒரிஜினலை ஒரு மறைவான ஃபோல்டரில் எடுத்து வைத்திருக்கும். அது எனக்கு அப்போது தெரியாது. இதில் அப்படி இல்லை என்பதும் தெரியாது.

2013-இல் அப்பா போனபிறகு அந்தப் படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைப் பையன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "12க்கு 18 போட்டா உடஞ்சிரும் சார், ஒரிஜினல் இருக்கா?" என்றான். அப்பாவுக்கு மோவாயில் ஒரு தழும்பு உண்டு, சின்ன வயதில் கிணற்றுக் கயிறு அறுத்தது. படத்தில் அது இல்லை. நான்தான் அழித்தேன்.

தெரியும், இப்போது வரும். "பேக்கப் எடுக்காதது உன் தப்பு." ஆமாம், என் தப்புதான். சிடி கொடுத்தவர் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. ஆனால் நான் பிகாசாவிலேயே இருந்திருப்பேன். ஒரு சிரிப்பு போதும், மனிதன் தனக்குத் தெரிந்த இடத்தை விட்டுத் தெரியாத இடத்துக்குப் போய்விடுவான். இல்லையென்றால் கேமராவையே மூடி வைத்துவிடுவான். அதனால்தான் ஆரம்பிப்பவருக்கு நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்த மென்பொருள் ஒரிஜினலைத் தொடாமல் இருக்கிறதா. ஸ்னாப்சீட்டில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் தனிப் பிரதி. கேனானுடையதில் ரா அப்படியே இருக்கும், நீங்கள் நகர்த்திய ஸ்லைடரின் குறிப்பு மட்டும் சேரும், எந்தத் தேதியிலும் பழையபடி ஆக்கலாம். ஒன்பது நிபுணர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. மானிட்டர் கேலிபரேஷன் சொன்னார்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அடோபி ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு விற்ற போட்டோஷாப் சிஎஸ் வரிசை சிஎஸ்6-ஓடு முடிந்தது, 2013-இலிருந்து போட்டோஷாப்பின் புதிய பதிப்புகள் சந்தாவுக்குத்தான். அன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் மாதா மாதம் அந்தச் சந்தாவைக் கட்டுகிறீர்கள்? பெயர் சொல்ல மாட்டேன், யாருடைய லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்காத மென்பொருளை வைத்துக்கொண்டு இலவச மென்பொருளைக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்க ஒரு தைரியம் வேண்டும்தான்.

ஸ்னாப்சீட்காரன் எனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கமென்ட்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: இன்னும் கொடுக்கவில்லை. வந்ததும் டீ வாங்கித் தருகிறேன்.

அந்தப் பெரியவரின் நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். கேனான் தளத்தில் அந்த டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனலை டவுன்லோட் செய்யும்போது கேமராவின் சீரியல் நம்பர் கேட்கலாம், அது கேமராவின் அடிப்பக்கம் இருக்கும் என்று சொல்ல வேண்டும். அந்தப் படகுப் படத்தை அவர் அழித்துவிட்டாரா என்றும் கேட்க வேண்டும்.