நாலரை மணிக்குப் பிறகு பேசப்படுபவை

போன கிழமை ஓர் இளம் பெண் விரிவுரையாளர் பல்கலைக்கழகத்தில் என் அறைக்கு வந்தார். தகுதிகாண் நியமனம் கிடைத்து மூன்று வருடம், வீட்டில் கைக்குழந்தை. "மிஸ், பதவியுயர்வுக்கு என்னென்ன சேர்த்து வைக்கவேணும் என்று யாரிட்டக் கேட்கிறது?" என்றார். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. இதே கேள்வியோடு நானும் பல வருடம் அலைந்திருக்கிறேன்.

நான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தது 916ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் கீழ். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தச் சுற்றறிக்கையை யாரும் ஒளித்து வைக்கவில்லை. எதற்கு எவ்வளவு புள்ளி என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு பயிலரங்கில் பேசினால் அன்றைக்கே அதற்குச் சான்றாகக் கடிதம் வாங்கி வைக்கவேணும் என்பதை அனுபவப்பட்டவர்கள்தான் சொல்லித் தருவார்கள். எந்தக் குழுவில் சேர்ந்தால் ஆய்வு நிதி வரும் என்பதும் அப்படித்தான். இந்தப் பேச்செல்லாம் நாலரைக்குப் பிறகு கன்டீனில் நடக்கும். அந்த நேரம் பெண்களாகிய நாங்கள் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவர கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்போம்.

என்னைக் காப்பாற்றியவர் பக்கத்துப் பீடத்துச் சிங்கள அக்கா ஒருவர். தன் விண்ணப்பக் கோப்பை அப்படியே தூக்கித் தந்தார். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் முழுவதையும் போட்டோகொப்பி எடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடிதம், திகதி வாரியாக. அன்றிரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான், ஆறு வருடம் மாணவர் ஆலோசகராக இருந்ததற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை என்று தெரிந்தது. பழைய கடிதங்களைத் தேடி எடுக்கவே ஒன்றரை வருடம் போயிற்று. அழுகிற மாணவர்களை ஆற்றுவது, விழாவுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் எங்கள் தலையில்தான் விழும், அவற்றை எழுதி வைக்கவும் எங்களுக்குத் தோன்றாது. 84 நாள் பிரசவ லீவு முடிந்து வந்தபோது ஆய்வுக் குழுவில் என் இடத்தில் வேறொருவர் இருந்தார். அது இன்றும் வலிக்கிறது.

1999 இல் சாவித்திரி குணசேகர கொழும்பில் துணைவேந்தரானார், 2011 இல் வசந்தி அரசரட்ணம் யாழ்ப்பாணத்தில். பெண்களுக்கு இனி என்ன குறை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவர்களைப் பார்த்து நானும் பெருமைப்படுகிறேன், ஆனால் கைக்குழந்தையோடு முதல் கட்டுரை எழுதுகிறவருக்குப் பக்கத்து அறையில் ஓர் ஆள் வேணும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாதம் ஒரு மணித்தியாலம், வேலை நேரத்துக்குள், கூடிப் பேச ஓர் அறை. மூத்தவர்கள் இளையவர்களின் கோப்பைப் பார்த்துத் திருத்தவேணும், அந்த நேரத்தை நிர்வாகம் அவர்களின் வேலையாகவே கணக்கில் எடுக்கவேணும். மூன்று மொழியிலும் பேசலாம். ஒரு துறையில் தனியாக இருக்கும் தமிழ்ப் பெண் விரிவுரையாளருக்கு இது இரட்டிப்பாகத் தேவை. சில ஆண் சகாக்களும் உதவ வருவதாகச் சொன்னார்கள், சந்தோஷம்.

சரி, இதற்கு நிர்வாகத்தின் பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. வருகிற புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு என் அறையிலேயே தொடங்குகிறோம். நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா தந்த கோப்பின் பிரதியை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.