பானையை எடுத்தவர்களுக்கு

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கேட் ஓரம் அம்மா வைத்திருந்த தண்ணீர்ப்பானையைச் சங்கத்தார் எடுத்துவிட்டார்கள். "இதெல்லாம் விளம்பரம்" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அந்தப் பானை டெலிவரி பசங்களுக்காக மட்டும் இல்லை. அம்மாவுக்காகவும்தான்.

அப்பா போன பிறகு அம்மா படுக்கையை விட்டு எழுவதே அபூர்வம். தலைவாரிக்கொள்ளச் சொன்னால் "யாருக்காக?" என்பாள். கத்தரி வெயிலில் ஒரு பையன் தண்ணீர் கேட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதை பால்கனியிலிருந்து பார்த்தாள். மறுநாளே பானை வந்தது. விடிந்ததும் கழுவுவாள், வெட்டிவேர் போடுவாள், வெள்ளிக்கிழமை மோர். எவன் தங்கச்சிக்குக் கல்யாணம், எவன் அரியர் எழுதுகிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். தூக்க மாத்திரையை டாக்டரே நிறுத்தச் சொன்னார்.

"அப்போ அது சுயநலம்தானே?" என்பீர்கள். கொடுப்பவருக்கும் நல்லது நடந்தால் என்ன குற்றம்? கனடாவில் எலிசபெத் டன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காலையில் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, சிலரைத் தமக்கும் சிலரைப் பிறருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தவர்கள் பிறருக்குச் செலவழித்தவர்கள். 5-ஆ 20-ஆ என்பது பெரிதாக இல்லை. அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீர் போதுமாக இருந்தது. மறுபடி சொல்கிறேன், அவளுக்காகவும்தான் அந்தப் பானை.

கொசு வரும் என்றார்கள். தினமும் கழுவி மூடிவைக்கும் பானையில் வராது. உங்கள் பூந்தொட்டித் தட்டுகளைப் போய்ப் பாருங்கள். 'பாதுகாப்பு' என்றவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி என்று வந்தால் போதும், சாதி மதம் கேட்பதில்லை. நாம் ஒரு டம்ளர் தண்ணீருக்குத் தீர்மானம் போடுகிறோம். சாப்பாடு கொண்டுவருகிறவன் லிஃப்டில் ஏறக் கூடாது என்று போர்டு மாட்டியதும் இதே சங்கம்தானே? அஞ்சாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறிவருகிறவனிடம் "ஏன் லேட்?" என்று கேட்கிறோம். வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கும் அதே படிதான். அவருக்கு முட்டிவலி. இதைப் பற்றிக் குரூப்பில் ஒரு வரி வந்ததுண்டா?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. லிஃப்ட் விஷயத்தைத்தான் முதலில் கேட்பேன்.